டே ஆற்றிலும் அதன் ஏரிகளிலும் சால்மன், டிரவுட் பிடிக்கச் செல்பவருக்கு

மே மாதக் கடைசி வாரத்தை ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு அருகில் கழிக்கப்போவதாகவும், டே ஆற்றிலும் அதன் ஏரிகளிலும் சால்மனும் டிரவுட்டும் பிடிக்க விரும்புவதாகவும், உரிமத்தை எங்கே பெறுவது, எதைப் பிடிப்பது எளிது, பிடித்ததைச் சமைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலான விடை ஒரே உண்மையிலிருந்து கிளைக்கிறது. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும் சால்மன் நன்னீரில் இரை எடுப்பதில்லை. ஆற்றிலும் ஏரியிலுமே வாழ்நாளைக் கழிக்கும் பழுப்பு டிரவுட்டோ இரை தேடியபடியே இருக்கிறது. தூண்டில்கோலின் நீளம், செல்ல வேண்டிய நேரம், நீரில் நிற்க வேண்டிய இடம், மீன் தொட்டவுடன் கை செய்ய வேண்டியது ஆகிய எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டால் மாறுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். டே ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு. ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஐக்கிய இராச்சியத்தில் இதைவிட அதிகமான நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு வேறில்லை. மேற்கே பென் லூயி மலைச்சரிவில் ஊறும் நீர், ஃபிலன், டாகர்ட் என்ற பெயர்களில் ஓடி, கில்லின் என்ற ஊரில் பாறைகளின் மேல் அருவியாக இறங்கி, லாக் டே என்னும் ஏரியில் சேர்கிறது. அந்த ஏரி 23 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. ஆழமான இடத்தில் 150 மீட்டரைத் தாண்டும். அதன் கீழ்முனையான கென்மோரில்தான் டே என்ற பெயரோடு ஆறு புறப்படுகிறது. அபர்ஃபெல்டியைக் கடந்து, பாலின்லூயிக் அருகே டம்மல் ஆற்றையும், டன்கெல்டுக்குக் கீழே ஐலா ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, பெர்த்தை அடையும்போது கடலின் ஏற்றவற்றத்தைச் சந்திக்கிறது. டம்மல் கிளைக்குத் தனியாக ரான்னக், டம்மல், ஃபாஸ்கலி என்று ஏரிகள் உண்டு. ஆகவே டே ஆறு என்று சொல்லும்போது ஒரு நீரோட்டத்தை மட்டும் நினைக்கக்கூடாது. மலை, ஏரி, ஆறு, கழிமுகம் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த ஒரே உடல் அது.

சால்மனின் வாழ்க்கை அந்த உடல் முழுவதிலும் பரவியிருக்கிறது. இலையுதிர்காலத்தின் கடைசியில் பெண்மீன் கூழாங்கற்களை வாலால் வாரிக் குழி பறித்து முட்டையிடுகிறது. குஞ்சு பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளைச் சிற்றோடைகளில் கழித்துவிட்டு, ஒரு வசந்தத்தில் உடல் வெள்ளியாக மாறி, ஏப்ரல், மே மாதங்களில் கடலை நோக்கி இறங்குகிறது. ஃபேரோ தீவுகளையும் கிரீன்லாந்தையும் ஒட்டிய குளிர்ந்த கடல்களில் ஒன்று முதல் மூன்று குளிர்காலம் வரை உண்டு கொழுத்த பிறகு, பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. ஒரே குளிர்காலத்தைக் கடலில் கழித்துவிட்டுக் கோடையில் வரும் சிறிய மீனை கிரில்ஸ் என்பார்கள். இரண்டு, மூன்று குளிர்காலங்களைக் கழித்தவை வசந்தத்திலேயே, சில ஜனவரியிலேயே, ஆற்றுக்குள் வந்துவிடும். அவை முட்டையிடுவதோ நவம்பர் வாக்கில். இடைப்பட்ட மாதங்களைக் கடலில் சேர்த்த கொழுப்பை மட்டும் நம்பி ஓட்டுகின்றன, குடல் சுருங்கிவிடுகிறது. இவ்வாறு காத்திருக்கும் மீனுக்கு ஏற்ற புகலிடம் ஆழமும் குளிர்ச்சியும் கொண்ட ஏரிதான். லாக் டே வசந்தகாலச் சால்மனுக்குப் பெயர்பெற்றதற்கும், மீன்பிடிப் பருவம் தொடங்கும் ஜனவரி 15 அன்று கென்மோரில் குழலிசையோடு கூட்டம் கூடி, முதல் படகின் முகப்பில் விஸ்கி ஊற்றிப் பருவத்தைத் தொடங்கி வைப்பதற்கும் பின்னணி இதுவே.

இரையே எடுக்காத மீன் தூண்டிலை ஏன் கவ்வுகிறது என்று உடனே கேட்கத் தோன்றும். சிறுவயதில் ஓடையில் பூச்சி தின்ற பழக்கத்தின் மிச்சம் என்றும், தன் இடத்தில் நுழைந்ததை விரட்டும் சினம் என்றும், வெறும் ஆர்வம் என்றும் ஆற்றங்கரையில் பல விளக்கங்களைக் கேட்பீர்கள். எந்த விளக்கத்தை ஏற்றாலும் நடைமுறை ஒன்றுதான்: பசியைத் தூண்ட முடியாது, கவனத்தைத்தான் தூண்ட முடியும். ஆகவே சால்மனுக்காக முள்ளில் இறகும் ரோமமும் வைத்துக் கட்டும் செயற்கை ஈ எந்தப் பூச்சியைப் போலவும் இருக்க வேண்டியதில்லை. கறுப்பும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த வில்லி கன், கூரிறால் சாயலுள்ள ஆலிஸ் ஷ்ரிம்ப், காஸ்கேட் ஆகியவை இங்கே எல்லோருடைய பெட்டியிலும் இருக்கும். ஈயின் பெயரைவிட முக்கியமானவை அது செல்லும் ஆழமும் வேகமும். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது மீன் மேலெழுந்து வரத் தயங்கும் என்பதால் மூழ்கும் நரம்பில் (தூண்டில் கயிற்றில்) பெரிய ஈயை மெதுவாக ஓட்டுவார்கள். அதற்கு மேல் சூடேறினால் மிதக்கும் நரம்பும் சிறிய ஈயும் போதும். நீங்கள் செல்லும் மே கடைசியில் பெரும்பாலும் இரண்டாவது முறைதான் பொருந்தும்.

வீசும் முறையும் ஆற்றின் அமைப்பிலிருந்தே பிறந்தது. கரையோர மரங்கள் முதுகுக்குப் பின்னால் நரம்பு பறக்க இடம் தருவதில்லை. ஆதலால் 13 முதல் 15 அடி வரை நீளமுள்ள, இரு கைகளால் பிடிக்கும் கோலைக் கொண்டு, நரம்பை நீரின் மேலேயே ஒரு வளையமாகத் திருப்பி முன்னால் உருட்டி அனுப்புகிறார்கள். வடக்கே உள்ள ஸ்பே ஆற்றில் வளர்ந்ததால் இதற்கு ஸ்பே வீச்சு என்று பெயர். ஆற்றின் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீச வேண்டும். நீரோட்டம் ஈயை வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவரும். பிறகு இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். ஒரு மடுவின் தலையிலிருந்து கடைசி வரை இப்படியே இறங்கி முடித்தபின் மீண்டும் மேலே போய்த் தொடங்கலாம். ஏற்கெனவே ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் அவருக்குக் கீழே போய் நீரில் நிற்பது இங்கே பெரிய அவமரியாதை. அவருக்கு மேலே, போதிய இடைவெளி விட்டுத்தான் தொடங்க வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது மீன் தொடும் அந்த நொடியைத்தான். சால்மன் ஈயை வாயில் வாங்கிக்கொண்டு, திரும்பித் தன் இடத்துக்குப் போகும். நரம்பு மெல்ல இறுகும். பாசியில் மாட்டியதுபோல ஒரு கனம் தெரியும். கோலில் நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் சுருள் ஓரிரு அங்குலம் கழன்று கொடுக்கும். அப்போது கையை வெடுக்கென்று உயர்த்தினால் ஈ அதன் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். மீன் முழுவதும் திரும்பி, அதன் எடையே முள்ளை வாயோரத்தில் பதிக்கும் வரை சும்மா இருந்துவிட்டு, சுருள் ஓடத் தொடங்கியபின் கோலை நிதானமாகத் தூக்க வேண்டும். டிரவுட் இதற்கு நேர்மாறு. அது ஈயை உணவென்று நம்பி வாயில் எடுத்து, பொய்யென்று தெரிந்ததும் அக்கணமே உமிழ்ந்துவிடும்; கை அதற்கு முன்பே உயர்ந்தாக வேண்டும். ஒரே நாளில் காலையில் சால்மனுக்கும் மாலையில் டிரவுட்டுக்கும் வீசினால், கை ஒரு பழக்கத்திலிருந்து மற்றதற்கு மாற மறுக்கும். வெவ்வேறு நாள்களை ஒதுக்கிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஏரியில் சால்மனுக்கு வீசுவதைவிடப் படகின் பின்னால் பொய்மீனை இழுத்துச் செல்வதே வழக்கம். லாக் டேயில் படகோட்டி கரையோரப் பாறைத் திட்டுகளை ஒட்டி மெதுவாகச் செலுத்த, பின்புறம் நிறுத்திய கோல்களிலிருந்து இரைகள் ஆழத்தில் அசைந்து வரும். ஆற்றின் அகன்ற கீழ்ப்பகுதியில் இதற்கு ஒரு மாற்று உண்டு. படகை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, இக்கரைக்கும் அக்கரைக்குமாக அசைத்தபடி அங்குலம் அங்குலமாகக் கீழே விடுவார்கள். ஹார்லிங் என்று பெயர். பிரிட்டனில் இன்றுவரை முறியடிக்கப்படாத தூண்டில் சாதனை இப்படித்தான் நிகழ்ந்தது. 1922 அக்டோபர் 7 மாலை, கபுத் என்ற ஊருக்கு அருகே, கிளென்டெல்வைன் நீர்ப்பகுதியில், ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண், தந்தை படகைச் செலுத்த, 64 பவுண்டு, அதாவது 29 கிலோ எடையுள்ள சால்மனைப் பிடித்தார். இருட்டிய பின்னும் தொடர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த மீன் அவரை ஆற்றோடு இழுத்துச் சென்றது. மீனைப் பெர்த் மருத்துவமனைக்கு உணவாக அனுப்பிவைத்தார்கள் என்பது அக்காலத்தின் மனப்பாங்கை நன்றாகக் காட்டுகிறது. நூறாண்டு கடந்தும் அந்த எடையை எவரும் எட்டவில்லை.

இனி டிரவுட். உங்கள் பயணத்துக்கு இதையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சால்மனுக்காக ஒரு வாரம் முழுவதும் திறமையோடு வீசிவிட்டு ஒன்றுகூடத் தொடாமல் திரும்புவது இங்கே சாதாரணம்; மே கடைசியில் டிரவுட் ஏறக்குறைய எந்நாளும் உங்களுக்கு ஏதேனும் கற்றுத்தரும். நீலகிரி ஓடைகளில் நம்மவர்கள் அறிந்த டிரவுட் வட அமெரிக்காவைச் சேர்ந்த வானவில் டிரவுட். இங்குள்ளது இந்நாட்டில் இயற்கையாகவே வாழும் பழுப்பு டிரவுட். பொன்னிற வயிறும், வெளிர் வளையத்துக்குள் கறுப்பும் சிவப்புமான புள்ளிகளும் கொண்டது. கடலுக்குப் போய் வெள்ளியாகத் திரும்பும் கடல் டிரவுட்டும் இதே இனம்தான். அது பெரும்பாலும் கோடை இரவுகளின் மீன், உங்கள் வாரம் அதற்குச் சற்று முந்திவிடும்.

ஆற்றில் டிரவுட்டைத் தேடுபவர் முதலில் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பூச்சிகள் நீரிலிருந்து எழும் நேரமே மீன் எழும் நேரம். மார்ச், ஏப்ரலில் பகல் நடுவில் ஆலிவ் பூச்சிகளும் மார்ச் பிரவுன் பூச்சிகளும் திரளாக எழுவதற்கு டே பெயர்பெற்றது. மே கடைசியில் அந்த எழுச்சி மெல்ல மாலைப் பக்கம் நகர்கிறது. அந்த அட்சரேகையில் அப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால், இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொண்டு ஏழு மணிக்கு மேல் கரைக்குச் செல்வதே நல்லது. எழும் மீனுக்குப் பின்னாலிருந்து, மேல்நோக்கி, மிதக்கும் உலர் ஈயை வீச வேண்டும். ஈ நீரோட்டத்தின் வேகத்திலேயே, இழுபடாமல் மிதந்து வர வேண்டும். சற்றே கோடு கிழித்தாலும் டே டிரவுட் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

ஏரியில் டிரவுட் பிடிப்பது ஸ்காட்லாந்தின் மரபான ஒரு கலை, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்ததும் அதுவே. படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி மிதக்க விடுவார்கள். காற்று பலமாக இருந்தால் துணியாலான நீர்க்குடை ஒன்றைக் கயிற்றில் கட்டி விட்டு வேகத்தைக் குறைப்பார்கள். இருவர் படகின் இரு முனையிலும் அமர்ந்து, காற்று போகும் திசையிலேயே குறுகலாக வீசுவார்கள். நரம்பில் மூன்று ஈக்கள்: நுனியில் கனமான ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ரோமம் அடர்ந்த ஒன்று. கேட் மெக்லாரன், பிளாக் பென்னல், சோல்ஜர் பால்மர் ஆகியவை நூறு ஏரிகளில் சோதிக்கப்பட்டவை. உள்ளே இழுத்து முடிக்கும் தறுவாயில் கோலை உயர்த்தினால் மேல் ஈ அலையின் முகட்டில் தத்தித் தத்தி வரும். டிரவுட் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தாக்கும். அவசரப்பட்டு நரம்பைத் தூக்கி அடுத்த வீச்சுக்குப் போகிறவர் மீனின் வாயிலிருந்தே ஈயைப் பிடுங்கிக்கொள்கிறார். சிற்றலை எழுப்பும் காற்றும் மேகமூட்டமும் வேண்டும். கண்ணாடிபோல் அசையாத நீரும் பளிச்சென்ற வெயிலும் மீனைக் கீழே அனுப்பிவிடும். நடு ஏரியின் ஆழத்தைத் தேடிப் போக வேண்டாம். டிரவுட்டின் உணவு வெளிச்சம் எட்டும் நாலைந்து மீட்டர் ஆழத்துக்குள் இருக்கிறது. ஆகவே கரையோரம், ஓடை வந்து விழும் வாய், நீருக்குள் நீண்டிருக்கும் மேடு ஆகியவைதான் இடம். ஆழத்துக்கென்று ஃபெராக்ஸ் எனப்படும் பெரிய டிரவுட் வகை தனியாக உண்டு. பனியுகத்தின் முடிவிலிருந்து ரான்னக் போன்ற ஏரிகளில் தங்கிவிட்ட ஆர்க்டிக் சார் மீன்களைத் தின்று வளரும் அது நெடுநாள் வாழ்வது, அரிதானது. முதல் பயணத்தில் அதைத் துரத்த வேண்டியதில்லை.

உரிமம் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்தில் இருப்பதுபோல அரசு விற்கும் தூண்டில்கோல் உரிமம் ஸ்காட்லாந்தில் கிடையாது. நீரின் மீன்பிடி உரிமை யாருடையதோ அவருடைய அனுமதி வேண்டும். சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்திலிருந்து பிரிந்த தனிச் சொத்து; ஆறு பீட் எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, நாளுக்கு இத்தனை கோல் என்று வாடகைக்கு விடப்படுகிறது. எழுத்துவழி அனுமதியின்றிச் சால்மனுக்குத் தூண்டில் போடுவது குற்றம். டிரவுட் விஷயத்தில் சட்டம் சற்று இளகியது என்றாலும், பாதுகாப்பு ஆணை உள்ள நீர்நிலைகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடிப்பதும் குற்றமே. டே படுகையின் பெரும்பகுதி அத்தகைய ஆணைக்கு உட்பட்டது. டிரவுட் சீட்டுகளை உள்ளூர் தூண்டில் சங்கங்களும் கடைகளும் விடுதிகளும் மலிவாகவே விற்கின்றன. சால்மன் பீட்டுகளின் வாடகை இடத்தையும் மாதத்தையும் பொறுத்து மிகவும் ஏறும். சால்மன் பருவம் டே ஆற்றில் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. பழுப்பு டிரவுட்டுக்கு மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்க ஸ்காட்லாந்து முழுவதும் தடை. டிரவுட்டுக்கு அந்தத் தடை இல்லை.

சமையலைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: சால்மனைச் சமைக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். ஏப்ரல் 1 க்கு முன் பிடிபடும் ஒவ்வொரு சால்மனையும் விட்டுவிட வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். 2016 முதல் ஆறுகள் ஆண்டுதோறும் மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன. மூன்றாம் தரத்து ஆறுகளில் ஆண்டு முழுவதும் ஒரு மீனையும் கொல்லக்கூடாது. செல்லும் ஆண்டின் தரத்தை அரசின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும் வசந்த மீனை விட்டுவிடும்படியே பீட்டுகள் கேட்கும். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது 2002 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் காரணம் எளிது, வேதனையானது. கடலுக்குப் போகும் நூறு இளமீன்களில் இன்று ஐந்துகூடத் திரும்புவதில்லை. கடல் சூடேறி உணவுச் சங்கிலி குலைந்தது, அணைகள், ஓடையோர மரங்கள் அழிந்தது, மேற்குக் கரையின் மீன்பண்ணைகளில் பெருகும் கடல்பேன் என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2023 டிசம்பரில் பிரிட்டனின் அட்லான்டிக் சால்மன் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக ஐ.யூ.சி.என். எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இப்போது ஸ்காட்லாந்தில் தூண்டிலில் படும் சால்மனில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மீண்டும் ஆற்றுக்கே போகின்றன. மீன் சாப்பிட ஆசையென்றால் வளர்ப்பு வானவில் டிரவுட் விடப்பட்ட குளங்கள் உண்டு. அங்கே பிடித்ததை எடுத்துப்போகலாம்.

விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். முட்களின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை நீண்ட நேரம் ஓடவிட்டுக் களைப்படையச் செய்யாதீர்கள். முடிச்சில்லாத வலையில் வாங்கி, வலையை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். படம் வேண்டுமானால் நனைந்த கையால் நீர்மட்டத்தில் பிடித்து ஒன்றே ஒன்று. பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வயிற்றைத் தாங்கி, செவுள் சீராக அசையத் தொடங்கி அதுவே கையை உதறிப் போகும் வரை காத்திருங்கள். நீர் 20 டிகிரியை நெருங்கினால் களைத்த சால்மன் பிழைப்பது கடினம். அந்த நாளில் வீசாமல் இருப்பதே முறை.

உங்கள் வாரத்தில் இன்னொன்றும் நேரும். கடலுக்கு இறங்கும் வெள்ளி நிற இளஞ்சால்மன்கள் டிரவுட் ஈக்களை ஆவலோடு கவ்வும். சாண் நீளத்துக்கும் குறைவாக இருப்பதால் சிறு டிரவுட் என்று எண்ணிவிடுவார்கள். வால் நன்றாகக் கவைத்திருக்கும். முதுகின் பின்பக்கமுள்ள சிறு கொழுப்புத் துடுப்பு சாம்பல் நிறமாக இருக்கும். டிரவுட்டுக்கு அது ஓரத்தில் செம்மஞ்சளாக இருக்கும். இளஞ்சால்மனைக் கைவசம் வைத்திருப்பது குற்றம், செதில் உதிராமல் நீரிலேயே கழற்றிவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று அடுத்தடுத்துப் பட்டால் இடம் மாறிவிடுவது நல்லது.

திட்டத்தை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் மாலைகளை அபர்ஃபெல்டி அல்லது டன்கெல்டு பக்கம் ஆற்று டிரவுட்டுக்கு ஒதுக்குங்கள். ஒரு நாள் படகும் படகோட்டியும் அமர்த்தி ஏரிக்குப் போங்கள். ஒரே ஒரு நாளைச் சால்மனுக்கு வைத்து, கில்லி எனப்படும் ஆற்றுத் துணைவர் உள்ள பீட்டாகப் பாருங்கள். மீன் எந்தப் பாறையின் பின்னால் எந்த நீர்மட்டத்தில் தங்கும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் இல்லை. மழைக்குப் பின் ஏறிய நீர் இறங்கித் தெளியும் நாளே சால்மனுக்குச் சிறந்தது. ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் முகமை ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது, அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். டே பெரிய ஆறு, அடித்தளம் வழுக்கும், மேலே மின்நிலையங்கள் நீர் திறந்தால் மட்டம் மாறும். மிதவை உடுப்பும் ஊன்றுகோலும் இல்லாமல் இறங்காதீர்கள். வேறெங்காவது பயன்படுத்திய வலை, காலணி, கால்சட்டைகளைக் கழுவி முழுவதும் உலர்த்திக் கொண்டுவாருங்கள். நார்வேயின் ஆறுகளில் சால்மனைக் கொன்றழித்த கைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணி ஈரமான துணியிலேயே வந்துவிடக்கூடும். ஞாயிறன்று பிட்லோக்ரிக்குச் செல்லுங்கள். டம்மல் ஆற்றின் அணையை மீன்கள் கடப்பதற்காக 34 தொட்டிகளை அடுக்கி 310 மீட்டர் நீளத்துக்குக் கட்டிய மீன் ஏணி அங்கே இருக்கிறது. வசந்தத்தில் ஏறும் மீன்கள் மே கடைசியில் அதன் வழியாகத்தான் ஃபாஸ்கலி ஏரிக்குள் போய்க்கொண்டிருக்கும்.